இடப்பக்கம் வரும் பந்து

குளிர்ப்பெட்டியின் கதவைக் கிரீம் அக்கா மறுபடியும் திறந்து மூடினார். உள்ளே வைக்கவும் ஒன்றுமில்லை, எடுக்கவும் ஒன்றுமில்லை. இடக்கையில் தட்டு, தட்டில் பாதி அலங்கரித்த கேக். உடம்பை ஒருக்களித்து, வலத்தோளைக் கதவுக்குக் காட்டி, கையை நீட்டிப் புறங்கையால் ஒரு வீச்சு. கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. கேக் அசையவில்லை. அக்கா முகத்தில் அப்படியொரு திருப்தி.

"என்னக்கா, கதவு சரியா மூடலையா? ஆள வரச் சொல்லவா?" என்றார் ஓவன்காரர்.

"கதவு நல்லாத்தான் இருக்கு. என் கைதான் ரிப்பேர். நீங்க ரொட்டியப் பாருங்க, கருகப் போகுது."

அந்த பேக்கரியில் கேக்கின்மேல் ரோஜா பூப்பது அக்கா கையால்தான். கிரீம் பையைப் பிடித்துவிட்டால் மூச்சையும் அடக்கிக்கொள்வார். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். அப்போதுதான் கை நடுங்காது. பெயர் எழுதும் நேரத்தில் பேச்சுக் கொடுத்த முதலாளியையே, "கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்கண்ணா" என்று அடக்கியவர்.

சோறு போடும் அதே முழங்கை, அக்கா ஞாயிறுதோறும் ஆடும் டென்னிஸில் காலை வாரிவிட்டது. வலப்பக்கம் வரும் பந்தை அக்கா விளாசித் தள்ளுவார். இடப்பக்கம் வந்தாலோ, முழங்கை பழக்கதோஷத்தில் விலாவோடு போய் ஒட்டிக்கொள்ளும். பந்து உடம்பைத் தாண்டிய பிறகுதான் மட்டை போய்ச் சேரும். இரண்டு கையால் அடித்துப் பாரேன் என்று யோசனை சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் சின்ன வயதில் விழுந்து ஒடிந்து கூடிய இடமுழங்கை, தட்டு ஏந்தும். மட்டையை முறுக்கி வீச வராது. "நமக்கு வாய்ச்சது ஒரு கை. அதுலயே அடிச்சுட்டுப் போறேன்" என்பார்.

ஞாயிறு காலை ஆட்டத்தில் அக்காவின் ஜோடி அவர் கணவர். லிப்ட் மெக்கானிக். லிப்ட் ஓடாத கட்டடங்களுக்கு மட்டுமே அழைக்கப்படுவதால் ஆயுள் முழுக்கப் படியேறியே மூட்டைத் தேய்த்துக்கொண்டவர். எதிரே ஆடுபவர்கள் ஒரு பல் டாக்டரும் அவருடைய மச்சானும். சொத்தை எங்கே இருக்கிறதென்று பல் டாக்டருக்குச் சொல்லியா தர வேண்டும்? பந்துக்குப் பந்து அக்காவின் இடப்பக்கம்தான். உடனே வலப்பக்கத்திலிருந்து கணவர், "விடும்மா, நான் பாத்துக்கறேன்!" என்று கத்திக்கொண்டே அக்காவின் முதுகுக்குப் பின்னால் நொண்டி நொண்டி ஓடி வருவார். அவர் விட்டுவந்த பக்கம் ஆளில்லாத மைதானம். மச்சான் அங்கே நிதானமாகப் பந்தைப் போடுவார்.

கணவரின் மூட்டைப் பார்த்த எலும்பு டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இப்படி ஓடுவதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தையே விட வேண்டும். "அதுக்கென்ன, விட்டுட்டாப் போச்சு" என்று கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அக்காவை என்னவோ செய்தது. விடியுமுன் பேக்கரிக்குப் போகிறவர் அக்கா, லிப்ட் எப்போது நின்றாலும் ஓடுகிறவர் கணவர். இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று ஒரே விஷயத்துக்காகக் கத்துவது அந்த ஞாயிறு காலையில் மட்டும்தான். அதை இழக்க அக்காவுக்கு மனமில்லை.

பிடித்தால் பிடித்த பிடி என்பது அக்காவின் குணம். பேக்கரிக்குப் பின்னால் சரக்கு இறக்கும் சுவரில் பந்தடித்துப் பார்த்தார். முழங்கை மசியவில்லை. அலுத்துப்போய் உள்ளே வந்து, தட்டோடு குளிர்ப்பெட்டியை மூடியபோதுதான் உறைத்தது. முழங்கை விலாவை விட்டு வெளியே இருந்தது! கை நீண்டிருந்தது, கதவு உடம்புக்கு முன்னாலேயே அகப்பட்டது, தட்டு சாயக்கூடாதென்று இடக்கை பின்னாலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து சுவரிலும் சரி, கதவிலும் சரி, அக்காவுக்கு ஒரே மந்திரம்: "தட்டு சாயக் கூடாது."

நடுவில் ஒரு விபத்தும் நடந்தது. பயிற்சி முற்றி, கிரீம் பையைப் பிடித்த நேரத்திலும் முழங்கை வெளியே கிளம்பிவிட்டது. ஒரு கல்யாண கேக்கில் ரோஜாவெல்லாம் முட்டைக்கோஸ். முணுமுணுக்காமல் அத்தனையையும் வழித்தெடுத்துவிட்டு மறுபடி பூக்க வைத்தார். முழங்கையைப் பார்த்து, "இங்க ஒட்டு, அங்க விலகு. இதுகூடவா தெரியாது உனக்கு?" என்று திட்டியதை ஓவன்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். கேலி செய்தாலும், இந்த வயதில் இப்படி ஒரு வீம்பு தனக்கு வராது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

போன ஞாயிறு அக்காவின் சர்வீஸ். அவர் உடையில் பை கிடையாது. முதல் சர்வீஸ் தவறினால் போட வேண்டிய இரண்டாவது பந்து எப்போதும் கணவரின் கால்சட்டைப் பையில்தான் இருக்கும். இடப்பக்கம் நின்று போட்ட சர்வீஸைப் பல் டாக்டர் வழக்கம்போல இடமூலைக்கே திருப்பினார். பின்னால் கணவரின் காலடிச் சத்தம் கேட்டது.

"விடும்மா, நான்..."

"நில்லுங்க அங்கேயே!"

அக்கா தோளைத் திருப்பினார், கையை நீட்டினார். பந்து பல் டாக்டரின் காலருகே விழுந்து, அவர் குனிவதற்குள் வேலிக்கு ஓடிவிட்டது. வீசிய கை மேலே நின்றது. இடக்கை பின்னால், தட்டு ஏந்தியதுபோல உள்ளங்கை விரித்தபடி அப்படியே இருந்தது.

பாதி தூரம் வந்து நின்றுவிட்ட கணவர் மெல்ல நடந்து வந்தார். பையிலிருந்த பந்தை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார். பிறகு திரும்பி, தன் பக்கத்துக்குப் போய் நின்றுகொண்டார்.