ஆடி பிறப்பதற்குள் ஓட வேண்டிய கார்

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு ஓடி வரவில்லை, டிராக்டர் இழுத்து வந்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்தில், கோழி அடைகாக்கும் இடமாகக் கிடந்த வெள்ளைக் கான்டெஸா. நீண்ட மூக்கு, அகலமான உடம்பு, முன்னால் நான்கு விளக்கு. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் சந்தின் முக்கால்வாசியை அதுவே அடைத்துக்கொண்டது. என் கணவர் அதன் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு, கல்யாண ஆல்பத்தில்கூட இல்லாத ஒரு முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"உனக்காகத்தாம்மா வாங்குனேன். இனிமே நீ பஸ்ல அல்லாட வேணாம்."

அது 2004. அப்போது நான் அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. விடிந்தும் விடியாமலும் கிளம்பி, கடலூர் பஸ் நிலையத்தில் சிதம்பரம் வண்டி பிடித்து, அங்கே இறங்கி மறுபடி டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ ஏறினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். பெரும்பாலான நாள் உட்கார இடம் கிடைக்காது. முதுநகரில் மீன் கூடைகள் ஏறும். சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டும் வரை மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு கை வேண்டும், கம்பியைப் பிடிக்க ஒரு கை, பையைக் காப்பாற்ற இன்னொரு கை. கடவுள் இரண்டோடு நிறுத்திவிட்டார். இரவு வீடு திரும்பும்போது என் மகள் தூங்கிவிழுந்துகொண்டே சாப்பிடுவாள். அவளோடு உருப்படியாகப் பேசியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

ஆகவே கார் என்றதும் நான் நம்பினேன். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ்கூட எடுத்துவிட்டேன்.

முதல் திட்டம் எளிமையானது. பழைய இன்ஜினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, நான் ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு வண்டி. செலவும் எங்களுக்குத் தாங்கும். அந்தத் திட்டம் ஒரு மாதம் உயிரோடு இருந்தது. பிறகு இவர் கம்பெனி நண்பர் ஒருவரோடு பிரவுசிங் சென்டருக்குப் போனார். அமெரிக்காவில் நம் கான்டெஸாவுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் கார்களுக்கு என்னென்ன இன்ஜின் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். அன்று இரவு சாப்பாட்டைக் கையில் பிசைந்தபடியே சொன்னார்:

"அந்த ஒடம்புக்கு அம்பது குதிரை பத்தாதும்மா. பாவம், அது மாட்டு வண்டி மாதிரி போவும்."

அதிலிருந்து ஆரம்பித்தது. பழைய இன்ஜின் வேண்டாம், பின்னால் வந்த கான்டெஸாக்களில் இருந்த ஜப்பான் இன்ஜின் வேண்டும் என்றார். அதற்குச் சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் ஆறேழு மாதம் தேடல். கிடைத்ததும், அதை அப்படியே மாட்டினால் என்ன பெருமை என்றார். சிலிண்டரை அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். இரண்டு கார்பரேட்டர் வேண்டும். புகை போகும் குழாயைத் தனியாக வளைத்துச் செய்ய வேண்டும். நூற்றிருபது குதிரை சக்தி என்பது வீட்டில் ஒரு பிள்ளையின் பரீட்சை மார்க்கு மாதிரி பேசப்பட்டது.

இந்த விஷயத்தில் ஒன்றைத் தொட்டால் அது அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். இன்ஜினுக்குப் பலம் கூடினால் கிளட்ச் தாங்காது. கிளட்ச் மாற்றினால் கியர்பாக்ஸ் கேட்கும். சூடு அதிகமாகுமென்று பெரிய ரேடியேட்டர். வேகமாகப் போகிற வண்டி நிற்கவும் வேண்டுமே என்று பிரேக். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு இவரும் இவர் தங்கை வீட்டுக்காரரும் உட்கார்ந்துவிடுவார்கள். அவருக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் லேத் பட்டறை. எனக்கு அண்ணன் முறை, இவருக்கு மச்சான். இருவரும் பேசப் பேச நான் கூட்டிப்போட்டுச் சொல்ல வேண்டும். போன மாதத் தொகையைவிட இந்த மாதத் தொகை எப்போதும் ஜாஸ்தியாகத்தான் இருக்கும். மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, லேத் வேலைக்கு நான் காசு கேக்க மாட்டேன். அதக் கழிச்சுக்கம்மா" என்பார். கழித்த இடத்தில் கேம் ஷாஃப்ட் என்று இன்னொரு சாமான் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சீட்டுப் பணம் எடுத்தோம், இன்ஜினுக்குப் போயிற்று. போனஸ் வந்தது, கியர்பாக்ஸுக்குப் போயிற்று. ஒருநாள் என் வளையலைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். கொடுக்கவில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

ஒருமுறை நான் கேட்டேன்: "இது லிட்டருக்கு எவ்வளவு தரும்?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டுகிற செலவுக்கு நாலு வருடமாகத் திட்டம் போட்டவர்கள், ஓட்டுகிற செலவை நினைத்துப் பார்க்கவே இல்லை. அஞ்சோ ஆறோ தரும் என்றார் மச்சான். சிதம்பரம் போய் வரும் தூரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன். என் சம்பளத்தைக் கவரோடு பெட்ரோல் பங்க்கில் கொடுத்துவிட்டு வந்தாலும் மாதக் கடைசியில் பாக்கி நிற்கும்.

"அப்பறமா காஸ் கிட் போட்டுக்கலாம்," என்றார் என் கணவர். அதையும் திட்டத்தில் சேர்த்தார்கள்.

இதற்குள் அண்ணாமலை நகரில் எனக்குக் குவார்ட்டர்ஸ் முறை வந்தது. இரண்டு அறை, முன்னால் வேப்பமரம், நடந்தே வேலைக்குப் போய்விடலாம். மகளை அங்கே பள்ளியில் சேர்க்கலாம், சாயங்காலம் அவள் வரும்போது நான் வீட்டில் இருப்பேன். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கார் முடியப் போவுது, இப்பப் போயி குவார்ட்டர்ஸா? அம்மா என்ன நெனைப்பாங்க?" வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து மறுபடியும் வந்தது. அப்போதும் கார் முடியத்தான் போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் வேண்டாம் என்றேன். சக ஊழியை ஒருத்தி, "உனக்கென்ன பைத்தியமா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவள் கேட்டது நியாயம்.

சோர்வு ஒரே நாளில் வருவதில்லை. முதலில் முதுகு வலித்தது. பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகிக்கொண்டேன். பிறகு வீட்டில் யார் எது சொன்னாலும் சரி என்று சொல்லிவிடும் பழக்கம் வந்தது. சண்டை போடுவதற்கும் தெம்பு வேண்டுமல்லவா. மகளின் பள்ளி ஆண்டு விழாவில் அவள் ஆடியதை நான் மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். அன்று பஸ் முட்லூரில் பஞ்சர்.

மூன்றாவது முறை குவார்ட்டர்ஸ் வந்தது 2011-இல், ஆனி மாதத்தில். இந்த முறையும் விட்டால் என் பெயர் கடைசிக்குப் போய்விடும். பதில் சொல்லப் பத்துப் பதினைந்து நாள்தான் இருந்தது. அன்று இரவு இவரிடம் சொன்னேன்:

"இந்த நாள் கணக்குக்குள்ள கார் ஓடி, அதுல நான் வேலைக்குப் போயிட்டு வந்தா, குவார்ட்டர்ஸ் வேணாம்னு நானே எழுதிக் குடுத்துடுறேன். ஓடலன்னா நானும் பாப்பாவும் போறோம். நீங்களும் அத்தையும் வர்றதுன்னா வாங்க."

நான் இப்படிப் பேசி இவர் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பாக்கி இருந்தது பிஸ்டன் மட்டும்தான். கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருந்தார்கள், வந்தபாடில்லை. பிஸ்டனைக் கையில் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் சிலிண்டரைக் கடைய வேண்டும் என்பது மச்சானுக்கு நன்றாகத் தெரியும். எனக்கே தெரியும், அத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறேன். ஆனால் என் மாமியார் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டார்.

"ஆடி பொறந்துட்டா புதுசா எதையும் ஓட்டக் கூடாது. எதுவா இருந்தாலும் ஆனிக்குள்ள முடிச்சிடுங்க. இல்லன்னா ஆவணிதான்."

நான் கொடுத்த கெடுவும் ஆனியோடு முடிகிறது, மாமியார் கொடுத்ததும் ஆனியோடு முடிகிறது. பிஸ்டன் வருவதற்குள் மச்சான் புத்தகத்தில் போட்டிருந்த அளவை நம்பி சிலிண்டரைக் கடைந்து வைத்துவிட்டார். பிஸ்டன் வந்தது. போட்டுப் பார்த்தால் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. மறுபடி கடைய இரண்டு நாள் ஆகும். இரண்டு நாளில் ஆடி.

"ஓட ஓட லூஸாயிடும் மச்சான்," என்றார் அவர். இவருக்கும் அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஆனி கடைசி நாள் காலையில் காருக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நான் சாவிக்குக் கை நீட்டினேன்.

"இல்லம்மா, நானே ஓட்டுறேன். இவ்ளோ பவர் ஒனக்கு அடங்காது."

எனக்காக வாங்கிய கார், நான் ஓட்ட முடியாத காராக வளர்ந்திருந்தது. வாயைத் திறந்தால் நல்ல நாளும் அதுவுமாக ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். என்னை வேலைக்கு விட்டுவிட்டு எல்லோரும் சிதம்பரம் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. முன்னால் இவரும் மச்சானும், மச்சான் மடியில் என் மகள். பின்னால் மாமியார், நாத்தனார், நான், புளியோதரைத் தூக்கு. புது இன்ஜினைப் பாரம் ஏற்றாமல் கொஞ்ச நாள் மெதுவாகப் பழக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை இவரே சொல்லியிருக்கிறார். ஆனால் முதல் ஓட்டத்தில் அம்மாவை ஏற்றாமல், தங்கையை ஏற்றாமல் எப்படிப் போவது?

ஆலப்பாக்கம் வரை ஒழுங்காகத்தான் போனார். புதுச்சத்திரம் தாண்டியதும் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் எங்களை ஒதுக்கிவிட்டு முன்னால் போனது. நான் தினமும் போகிற பஸ்தான்.

"மச்சான், உடாத," என்றார் மச்சான்.

இவர் மிதித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பிடித்திருந்தன. இருக்கை முதுகைப் பிடித்துத் தள்ளியது. இருபுறமும் வயல் ஓடியது. பஸ்ஸின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, உள்ளே என்னைப் போல் நின்றுகொண்டிருந்தவர்களையும் பார்த்தேன். மகள் கைதட்டிக் கத்தினாள். இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏழு வருடத்துக்கும் இதுதான் கூலி போலிருக்கிறது என்று நானும் சிரித்துவிட்டேன்.

அப்புறம் முன்னாலிருந்து இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். கார் ஒருமுறை உதறி, ஓரமாக உருண்டு நின்றது. இவர் சாவியைத் திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார். மச்சான் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஜாம் ஆயிடுச்சு. பிஸ்டன் புடிச்சிக்கிச்சு."

மாமியார்தான், "ஆடி பொறக்கறதுக்குள்ள ஒருவாட்டி ஓடிடுச்சுல்ல, அது போதும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

நாங்கள் முந்திய பஸ் வந்தது. கையைக் காட்டினேன். அங்கே ஸ்டாப் இல்லை, ஆனாலும் நிறுத்தினார்கள். கண்டக்டர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "என்னா மேடம், இன்னிக்கு கார்லயா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், காருக்காக இல்லை, கண்ணாடியில் தெரிந்த அந்தச் சிரிப்புக்காக.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்துக்குப் போய், குவார்ட்டர்ஸ் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டபோது பெரிய சந்தோஷமும் இல்லை. ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வீட்டில் போய் எப்படிச் சொல்வது, இவர் எப்படிக் கத்துவார், நான் என்ன பதில் சொல்வேன் என்று மிச்ச நேரமெல்லாம் புத்தகத்தை அடுக்கிக்கொண்டே பேசிப் பார்த்தேன்.

சாயங்காலம் வெளியே வந்தால், படிக்கட்டுக்குக் கீழே இவர் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். அதற்கு மேல் யாருடைய கூடையிலிருந்தோ வழிந்த மீன் தண்ணீர். ஒரு செருப்பின் வார் அறுந்து கையில் இருந்தது. டிராக்டர் பிடித்து எல்லோரையும் காரையும் வீடு சேர்த்துவிட்டு, தன் ஸ்கூட்டரை எடுக்காமல், நான் தினமும் ஏறுகிற கடலூர் நிலையத்துக்கே போய்ப் பஸ் ஏறியிருக்கிறார். சிதம்பரம் வரை நின்றுகொண்டே வந்திருக்கிறார். அங்கிருந்து டவுன் பஸ்.

நான் படியிறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"தெனமும் இப்படித்தான் வர்றியா நீ?" என்றார்.

"ஆமா."

சட்டையில் வழிந்திருந்த மீன் தண்ணீரைக் கையால் துடைத்துவிட்டார். பிறகு, "குவார்ட்டர்ஸ் எடுத்துக்கறன்னு எழுதிக் குடுத்துடும்மா" என்றார்.

"மத்தியானமே குடுத்துட்டேன்."

கேட்காமல் செய்துவிட்டாயே என்று கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அறுந்த செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துப் பார்த்தார், நிற்கவில்லை, மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"சாவி எப்பத் தருவாங்க?" என்று கேட்டார்.