பாத்திரத்தின் மேல் போட்ட பழி

என்னிடம் இருபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. அதைத் துடைக்காமல் எனக்குப் பொழுது விடியாது. போன மாதம் அக்கா மகள் கல்யாணத்தில் சீராகப் பரப்பி வைப்பதற்கான எவர்சில்வர் சாமான்களை டிக்கியில் அடைத்துக்கொண்டு, காரைக்குடியிலிருந்து மனைவியோடு கண்டனூர் கிளம்பினேன்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். மறுபடி மிதித்தாலும் 'டங்'.

"பாத்திரத்தை ஒழுங்கா அடுக்க மாட்டியா?" என்று மனைவியைக் கடிந்துகொண்டேன். அவள் இறங்கி, பாத்திரங்களுக்கு இடையில் துணி செருகினாள். அப்படியும் சத்தம் நிற்கவில்லை. கண்டனூரில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் காலி வண்டியை எடுத்தேன். 'டங்'!

"இப்ப எந்தப் பாத்திரம் சத்தம் போடுது, சொல்றீகளா?" என்றாள் மனைவி.

அசடு வழிந்தபடி, பக்கத்து ஊரான புதுவயலில் அரிசி ஆலை லாரிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் மெல்ல ஓட்டிப் போனேன். அவர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு அடியில் படுத்தார். பின்சக்கரங்களைச் சுழற்றும் நீளத் தண்டைக் கையால் திருகினார். லொடலொடவென்று ஆடியது. அதைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டில் இரண்டைக் காணோம்.

"வேகமாப் போகையில இது கழண்டு ரோட்ல குத்தியிருந்தா வண்டியே கரணம் அடிச்சிருக்கும்ணே. மேல துடைச்சா மட்டும் போதுமா?" என்றார்.

புது போல்ட்டுகள் போட்டதும் சத்தம் நின்றது. கல்யாணத்துக்கு அதே காரில்தான் ஜம்மென்று போய் இறங்கினோம்.

இப்போதெல்லாம் வெளியூர் கிளம்புமுன் நானே அடியில் படுத்துத் தண்டை ஆட்டிப் பார்க்கிறேன். "பாத்தீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மனைவி ஏறுகிறாள். பதிலுக்கு என் சட்டையின் அழுக்கு முதுகைத் திருப்பிக் காட்டுகிறேன்.