துத்தம் போடாத பசை

பிலோமி அக்கா போய்விட்டார் என்று அவர் தம்பி போனில் சொன்னபோது, துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் என் புத்தக பைண்டிங் கடையில் வேலையாக இருந்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். இனி அந்த அலங்காரக்காரர் மாலையோடு வந்து நிற்பாரே என்று. ஓட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்பவர் அவர். அக்காவை அறிந்து இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களுக்கு ஆளைத் தெரியும்.

துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் அக்காவுக்கு வேலை. புதிய கடல் வரைபடங்கள் வந்தால் பழையவற்றைக் கழித்துவிடுவார்கள். அந்தக் கெட்டித்தாள்களைக் கேட்டு வாங்கி வந்துதான் சங்கும் கடல்விசிறியும் பவளமும் மடித்து ஒட்டிச் செய்வார். ஒரு முறை சிப்பி மாதிரியே வாய் திறக்கிற புத்தகம் ஒன்றைச் செய்தார். ஆழக் கணக்கு அச்சான பக்கங்கள் அடுக்கடுக்காக மடிந்திருக்கும். முத்து எங்கே என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். "முத்த எடுத்துட்டு சிப்பியத் தூக்கிப் போடுத ஊருளா இது. நான் சிப்பியத்தான் செய்வேன்" என்றார். அக்காவின் வேலையை யாராவது புகழ்ந்தாலும் அவருக்குப் பிடிக்காது. "அழகா இருக்குன்னு சொல்லாதளா. எங்கன ஒட்டல, அதச் சொல்லு" என்பார். பைண்டிங் தெரிந்தவள் என்பதால் என்னிடம் மட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அப்படித்தான் இருவரும் ஒரே மேசையில் வேலை செய்யத் தொடங்கினோம்.

அலங்காரக்காரர் ஆள் உயரக் கடல்விசிறி ஒன்றை வாங்கிப்போய் ஒரு ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் வைத்தார். பார்க்கப் போனோம். கீழே பித்தளைத் தகட்டில் 'வடிவமைப்பு' என்று போட்டு அவர் பெயர் இருந்தது. அக்கா அதை இரண்டு முறை வாசித்தார். கொஞ்ச நாளில் அதே கூடத்துக்கு இன்னும் பெரிதாக ஒரு பவளப்பாறை வேண்டும் என்று அவரே வந்து கேட்டார். அக்கா ஒத்துக்கொண்டார். ரோஷம் இல்லையா என்று நான் சண்டை போட்டேன்.

பதில் பசை காய்ச்சும்போது கிடைத்தது. மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி தாளைத் தின்றுவிடும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. நான் துத்தத்தை எடுத்தபோது அக்கா டப்பாவை வாங்கி மூடி வைத்தார்.

"இதுக்கு வேண்டாம்."

"பூச்சி திங்குமேக்கா."

"திங்கட்டும். செஞ்சது அவருன்னா, காப்பாத்துததும் அவருதான?"

முகத்தில் சிரிப்பே இல்லை. வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு கிளையையும் அவ்வளவு பொறுமையாக மடித்தார். நானும் கூட உட்கார்ந்து ஒட்டினேன், மனசாரத்தான்.

அக்காவின் சொந்த ஊரான புன்னைக்காயலில் தேவாலயப் பூசை முடிந்து அடக்கத்துக்குப் போகும்போது அலங்காரக்காரர் வந்தார். மலர்வளையத்து ரிப்பனில் அக்கா பெயரைவிடப் பெரிதாகத் தன் பெயரைப் போட்டிருந்தார். மண் போட்டு முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்தார்.

"அந்தப் பவளப்பாறை பொடிப்பொடியா உதிருதும்மா. முதல்ல வச்சது நல்லாத்தான் இருக்கு, இது மட்டும்தான். ஓட்டல் முதலாளி பார்த்தா என் மானம் போயிரும். நீங்க வந்து சரி பண்ணித் தாங்க."

இந்த நாளுக்காக அக்கா உயிரோடு இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. "நீங்க செஞ்சதுதான சார். நீங்களே ஒட்டிக்கிடுங்க" என்றேன்.

அப்படியும் அவர் விடவில்லை. "அஞ்சலி எழுதப் போறீங்களாமே. அவங்கள வெளிய கொண்டுவந்தது நான்னு ஒரு வரி சேர்த்திருங்க" என்றார்.

அக்கா சம்பந்தப்பட்டதில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அக்காவுடைய கோபம் ஒன்றைத்தான். அலங்காரக்காரர் கேட்டது ஒரு வரி. இந்த அஞ்சலியில் பாதியையே கொடுத்திருக்கிறேன். அவர் பெயரை மட்டும் போடவில்லை.