உப்புப் பார்க்காத மாதம்

கன்னிகா அக்கா புரட்டாசி மாதத்தில் தான் சமைத்த கறியைத் தானே உப்புப் பார்க்க மாட்டார். ஆடானாலும் கோழியானாலும் அந்த ஒரு மாதம் கையும் மூக்கும் காதும்தான் வேலை செய்யும். ஒரு கிலோ கறிக்கு ஓர் உள்ளங்கைக் குழி உப்பு. மூடியைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தால் மசாலாவின் பச்சை வாடை போயிற்றா இல்லையா என்று சொல்லிவிடுவார். கொதிக்கிற சத்தம் தடித்து வரும்போது அரிசியைப் போடுவார். பதினோரு புரட்டாசிகள் இப்படியே போயின. சாப்பிட்டவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

நகரியில் பிறந்து நகரியிலேயே வாழ்க்கைப்பட்டவர். கணவர் சிவசங்கரன் விசைத்தறி ஓட்டினார். நெஞ்சில் சளி கட்டி அவர் படுத்துக்கொண்டபோது, அவர் எழுந்து நடந்தால் ஆயுசுக்கும் புரட்டாசியில் நாக்கில் கறி படவிட மாட்டேன் என்று அக்கா ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டார். சிவசங்கரன் எழவில்லை. அக்கா சொன்ன சொல்லை விடவுமில்லை.

"கேட்டது குடுக்கலியே, அப்புறம் எதுக்கு நீ வெரதம் இருந்துக்கினு இருக்கற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குடுக்காதது அவரு பாடு. சொன்னது நான்தான" என்றார்.

சித்தூருக்கு வந்து, நான் குடியிருக்கிற காம்பவுண்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் அடுப்பு போட்டு, விசேஷங்களுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுத்தார். நான் கங்காதர நெல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். எங்கள் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவன். பி.காம். சான்றிதழைக் கண்ணாடி போட்டு அறையில் மாட்டியிருக்கிறேன். இங்கிலீஷில் எது வந்தாலும் அக்கா என்னிடம்தான் நீட்டுவார். "ஏ பிகாமு, இதுல இன்னா போட்டுக்குது பாரு."

போன வருஷம் அந்தக் கொட்டகைக்கு முடிவு வந்தது. வீட்டுக்காரர் இடித்துவிட்டு மாடி கட்டப் போகிறார். தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும். வேறு எங்கே கேட்டாலும் கறி சமைக்க இடம் தரமாட்டேன் என்றார்கள். நகரியில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து பதில் வந்தது: வரலாம், தறிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம், சமையல் தம்பி மனைவி பார்த்துக்கொள்வாள். அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் மாறியது. "அடுப்பாண்ட போகக்கூடாதாம்பா. நான் அங்க போயி இன்னா பண்ணுவேன்?"

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலை. அதன் கேன்டீனுக்குச் சமையல் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டு, பின்னால் தங்க ஒரு அறை, வருஷம் முழுக்க வேலை. முதலாளி ரங்கையா தெலுங்குக்காரர். அவர்கள் வீட்டில் புரட்டாசிக்குக் கறி விலக்கு கிடையாது. அக்கா போய்க் கேட்டபோது அவர் சிரித்தார்.

"உங்க தமிழாளுங்களுக்கு பெரட்டாசி வந்தா நாக்கு லீவு. முன்ன இருந்த ஆளும் இதே கதைதான். ஒரு நாளு உப்பே லேது, ஒரு நாளு வாய்ல வைக்க முடியாது. நூத்தி நாப்பது பேரு திங்கற எடம்மா."

"நாக்கு எதுக்கு சார், மூக்கு இருக்குதே" என்றார் அக்கா.

"சரே. ஞாயித்துக்கிழம நம்ம இண்ட்லோ பார்ட்டி. வெளிநாட்டுலருந்து கூழு வாங்கறவங்க வராங்க. செஞ்சு காட்டு, அப்புறம் பாப்போம்."

பிரியாணி பற்றி அக்காவுக்குக் கவலை இல்லை. கவலை ரங்கையாவின் மருமகள் அகிலா கேட்ட பண்டத்தைப் பற்றி. அகிலா அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். வரும்போது மெதுவாக வேகவைக்கிற மின்சாரச் சட்டி ஒன்றும், நம் ஊர்க் கரண்டில் அதை ஓட்டுவதற்கு ஒரு கனமான பெட்டியும் கொண்டுவந்திருந்தார். அதில் சாசேஜ் துண்டுகளை இனிப்பும் காரமுமான குழம்பில் நாலு மணி நேரம் ஊறவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் குச்சி குத்திக் கொடுக்க வேண்டும். திராட்சை ஜாமுக்குப் பதில் நம் தொழிற்சாலை மாங்கூழ். வந்தவர்கள் அசந்துபோவார்கள் என்பது அகிலாவின் கணக்கு. செய்முறையை இங்கிலீஷில் என் போனுக்கே அனுப்பினார்.

நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உப்பு எவ்ளோ போட்டுக்குது?"

மறுபடி மேலிருந்து கீழே பார்த்தேன். "உப்பப் பத்தி ஒண்ணுமே இல்லக்கா."

"எழுதனவ மறந்துட்டிருப்பா. உப்பு போடுன்னு யாராச்சும் எழுதுவாங்களா?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மூன்று வருஷம் கல்லூரியில் படித்தவன், சாசேஜ் என்ற வஸ்துவை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன்.

அகிலா கேட்ட வகை சித்தூரில் கிடைக்கவில்லை. ஞாயிறு விடியற்காலை முதல் பஸ்ஸில் திருப்பதி போனோம். பெரிய கடை ஒன்று திறக்கும்வரை வாசலில் காத்திருந்து, கல்லாக உறைந்த கோழி சாசேஜ் மூன்று கிலோ வாங்கினோம். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. முந்தின நாள் மூன்றாம் சனி. மொட்டையடித்து சந்தனம் பூசிய தலைகள், மஞ்சள் வேட்டிகள், மடியில் லட்டுப் பைகள். நடுவில் அக்கா, நெற்றியில் நாமம் கலையாமல், சாசேஜ் பையை முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பை உருகிச் சொட்டத் தொடங்கியது.

"இன்னாம்மா ஒழுவுது?" என்று பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்.

"ஐஸ்ங்க."

"ஐஸா? எதுக்கு?"

"முட்டி வலிக்கு."

"பெருமாள் படி ஏறினா முட்டியே போயிடும்மா" என்று சொல்லி, எழுந்து இடம் கொடுத்தார். அக்கா உட்காரவில்லை. காணிப்பாக்கம் தாண்டும்வரை என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

ரங்கையா வீட்டுப் பின்கட்டில் கமலம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவேதான், அக்காவுக்கு எப்போதும் கைத்துணை, அவரும் விரதம். பன்னிரண்டு மணிக்கெல்லாம் சாசேஜைத் துண்டு போட்டு, மாங்கூழும் பாட்டில் மிளகாய் சாஸும் ஊற்றி, சட்டியை அகிலா தன் கையால் முடுக்கிவிட்டார். "ஆன்ட்டி, ப்ளீஸ், நாலு மணி நேரம் மூடி தொறக்கக் கூடாது. தொறந்தா சூடு போயிடும்." சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

மூடி போடுவதற்கு முன்பே அக்கா கைக்கணக்கை முடித்திருந்தார். மூன்று கிலோவுக்கு மூன்று குழி. கூழ் இனிப்புக்கு ஈடாக இன்னும் அரைக் குழி.

அதற்குப் பிறகுதான் அவருக்கு வேதனை. பிரியாணி அண்டாவிடம் போவார், திரும்பி வருவார், குனிந்து கண்ணாடி மூடியில் காதை வைப்பார்.

"சத்தமே இல்லியே."

"மெதுவாத்தான் வேகுமாம்க்கா."

"வாசனையும் வரல. உயிரு இருக்குதா செத்துப்போச்சா, எப்படித் தெரிஞ்சிக்கறது?"

"நான் ஒரு துண்டு பாக்கட்டுமா?"

"விருந்தாளிக்கு முன்னாடி வாய வெக்காத. ஆகாது."

நாலரை மணிக்கு தொழிற்சாலை வேன் ஓட்டுகிற கங்கையா வந்தார். விருந்தாளிகளை அழைத்துவர திருப்பதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், எந்த ஆகாததையும் கேட்காமல் மூடியைத் தூக்கி இரண்டு துண்டுகளை வாயில் போட்டுக்கொண்டார். மெல்லுவது பாதியில் நின்றது.

"அக்கா, இதி ஏமி? உப்புக்கண்டமா?"

"இன்னா?"

"ஒரு குடம் தண்ணி குடு மொதல்ல." இரண்டு சொம்பு குடித்தார். "கறிக்குள்ளயே உப்பு போட்டுத்தான் இத அடச்சு விக்கறாங்க, தெலீதா? நீ அதுக்கு மேல போட்டுட்ட. ஐயா வாய்ல வெச்சாருன்னா நீ செத்த." வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பொட்டலத்தின் காலி உறையைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில், மூன்றாவது வரியில், உப்பு. காலையிலிருந்து என் கையில் இருந்த உறை. செய்முறையை இரண்டு தடவை படித்தவன் இதை ஒரு தடவையும் படிக்கவில்லை. அக்காவிடம் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"எத்தன மணிக்கு வராங்க?"

"ஏழு."

"மாடில சொல்லிடலாமா?" என்றார் கமலம்மா.

"சொல்லு. சொல்லிட்டு அப்படியே நகரி பஸ்ஸுக்கு என்னையும் ஏத்திவுட்டுடு."

எழுந்தார். சட்டியின் குழம்பு முழுவதையும் வடித்துக் கொட்டினார். துண்டுகளைச் சுடுதண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரையும் கொட்டினார். மறுபடி தண்ணீர், மறுபடி கொட்டல். சாஸ் பாட்டில் தீர்ந்திருந்தது. காய்ந்த மிளகாயை ஊறவைத்து, பூண்டோடு அரைத்து, மாங்கூழைக் கேஸ் அடுப்பில் ஏற்றினார். கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் புளி. உப்பு டப்பாவைக் கமலம்மா வேண்டுமென்றே தூரத் தள்ளி வைத்தார். இப்போது சத்தம் கேட்டது, வாசனையும் வந்தது. ஆனால் கறிக்குள் எவ்வளவு உப்பு மிச்சமிருக்கிறது என்பது மூக்குக்கு எட்டாதே.

"இந்தா, நீ பாரு." ஒரு துண்டை எனக்கு நீட்டினார். நான் மென்றேன்.

"உப்பு இருக்குதுக்கா. கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்... கூட."

"எவ்ளோ கூட? இன்னொரு தண்ணி விடணுமா, கூழு மட்டும் ஊத்துனா போதுமா?"

எங்கள் கிராமத்திலேயே அதிகம் படித்தவன் வாயில் கறித் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். இன்னொரு துண்டு தின்றேன். முதல் துண்டின் உப்பா, இரண்டாவதின் உப்பா என்றே புரியவில்லை.

"கறி துன்றதுக்குப் படிப்பு எதுக்கு" என்று முணுமுணுத்தார் கமலம்மா. ஆனால் அவர் கண் என்மேல் இல்லை. அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியில் ஒரு துண்டு இருந்தது.

"கன்னிகா, வோணாம். பதினோரு வருசம்."

மணி ஆறேகால். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். வெளியே போய்க் குழாயடியில் நெற்றி நாமத்தைத் தண்ணீர் விட்டு அழித்தார். திரும்பி வந்து நின்றபடியே துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

நன்றாக மென்றார். முழுங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

"இன்னொரு தண்ணி" என்றார்.

கொதிக்கவிட்டு, கொட்டி, மறுபடி மென்றார். "பாதி உருளக்கிழங்கு போடு." மறுபடி. "வெல்லம் வோணாம், காரம் குடு." நாலாவது துண்டை மென்றபோது அவர் முகம் ஒரு நொடி பழைய முகமாக இருந்தது, கார்த்திகையிலோ தையிலோ அண்டாவைத் திறந்து பார்க்கிற முகம். "போதும். ஊத்து" என்றார்.

மின்சாரச் சட்டியில் ஊற்றி மூடினோம். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அகிலா இறங்கி வந்தார், கண்ணாடி மூடி வழியாகப் பார்த்துப் பூரித்துப்போனார். "பாத்தீங்களா ஆன்ட்டி, தொறக்காம விட்டா எப்படி வருது."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

கூடத்திலிருந்து சட்டி காலியாகத் திரும்பி வந்தது. அடியில் ஒட்டியிருந்ததையும் யாரோ ரொட்டியால் வழித்திருந்தார்கள். அதன் பிறகுதான் ரங்கையா பின்கட்டுக்கு வந்தார். கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் கடைசித் துண்டு.

"பிரியாணி எல்லா எடத்துலயும் போலத்தான். இது பாகுந்தி. இதுல உப்பு சரியா நின்னுக்கினு இருக்குது." அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். "கன்னிகா, நிஜம் செப்பு. மூக்குலயே பாத்தியா?"

கமலம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினார். மூக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்; ரங்கையா நம்பினாலும் நம்பாவிட்டாலும் எங்கள் தெருவில் பேச்சு வராது.

"வாய்ல வெச்சித்தான் பாத்தேன் சார்" என்றார் அக்கா. "நாலு தடவ."

ரங்கையா அந்தத் துண்டைத் தின்று முடித்தார். "திங்கக்கிழமலருந்து வந்துடு. பின்னால ரூமு சாவி கங்கையாகிட்ட இருக்குது. ஆனா இனிமே பெரட்டாசிலயும் இப்படித்தான் பாக்கணும். சரேவா?"

"சரி சார்."

ஆட்டோவில் கமலம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாத்திரங்களுக்கு இடம் வேண்டும் என்று சொன்னார். பாத்திரங்கள் எங்கள் காலடியில்தான் இருந்தன.

"ஏ பிகாமு" என்றார் அக்கா. "பெரட்டாசி இன்னும் எத்தன நாளு இருக்குது, போன்ல பாரு."

பார்த்தேன். "பன்னெண்டு நாளுக்கா."

"நடுவுல விட்டுப்போச்சுன்னா, நாளைலருந்து மறுபடி புடிச்சா சேருமா சேராதா, அது போட்டுக்குதா பாரு."

"அதெல்லாம் இதுல இருக்காதுக்கா."

முன்னாலிருந்து கமலம்மா திரும்பாமலே சொன்னார்: "உப்பே போடல அதுல. இதையா போடப் போறான்."

அக்கா ஈர முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிறிது தூரம் போனதும் மறுபடி துடைத்துக்கொண்டார்.