சீன விமானத்துக்கு நான் கொடுத்த உத்தரவாதம்

சீனாவில் ஒரு மாகாணத்தில் தொடங்கிய அந்தச் சின்ன விமானக் கம்பனி இப்படி வளரும் என்று அன்றைக்கே சொன்னவன் நான்.

இன்று இங்கே நோர்வேயில், லில்லெஸ்ட்ரோம் போகும் ரயிலில் தமிழ்க்கடை ராசன் பக்கத்தில் வந்து அமர்ந்தான். கடைக்குச் சாமான் எடுக்கச் சீனா போகிறானாம். அங்கே உள்ளூர்ப் பயணம் அந்தக் கம்பனியில்தான். முகமெல்லாம் பயம்.

"அண்ணை, நம்பி ஏறலாமோ?"

"விசர்க்கதை கதையாதை! ரெண்டு பிளேனோட துவங்கினவங்கள், இப்ப பட்டிதொட்டி எல்லாம் பறக்கிறாங்கள். இறங்கின கையோட பணிப்பெண்களே கூட்டித் துடைக்க, பிளேன் திரும்பவும் கிளம்பிடும். நான் ஏறினனான், தேத்தண்ணி ஒரு துளி சிந்தேல்லை!"

அங்கேயே மனைவிக்கு அழைத்து டிக்கெட்டை எடுக்கச் சொல்லிவிட்டான்.

ஒரு சின்னத் திருத்தம்: நான் சீனாவுக்குப் போனதே இல்லை. தேநீர் சிந்தாதது நோர்வேக்குள்ளேயே ஸ்தவாங்கருக்குப் போன விமானத்தில். நான் இதை எழுதும் இந்த இணையப் பக்கத்தை ராசன் எட்டிப் பார்ப்பதில்லை. அவன் திரும்பி வரும்வரை யாரும் வாயைத் திறக்காதீர்கள்.