வாடகைப் படிவத்தில் மூத்தவன்

இந்த நாட்டில் வாடகையைப் படிவத்தில் எழுதும்போது அதிலிருந்து சூட்டைக் கழித்துவிட வேண்டும். வீட்டைச் சூடாக்கும் செலவும் மின்சாரமும் வாடகையில் சேராதாம். ஹேர்னிங் என்ற நகரத்தில் ஒரு முதிய தம்பதியின் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கிறோம். ஊரில் வெயிலுக்கு யாரும் வாடகை கேட்டதில்லை. அதனால் எதைக் கழிப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் அந்தத் தாளோடு இருந்தேன்.

எங்களைப் போல் தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் கொம்யூன் என்கிற நகரசபை உதவிப்பணம் தருகிறது. போலிசிக்ரிங் என்று பெயர். சூடு கழித்த வாடகை, வீட்டின் சதுர மீற்றர், வீட்டாரின் வருமானம், பிள்ளைகளின் தொகை, இவற்றை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். வருமானம் ஏறினால் உதவி இறங்கும். ஆட்களுக்கு மிஞ்சிய இடம் இருந்தால் அந்த இடம் கணக்கில் வராது. இவ்வளவும் விளங்கியது. பிள்ளைகளின் தொகையில்தான் பிழை விட்டேன்: மூத்தவனின் பெயரையும் சேர்த்து மூன்று என்று எழுதிவிட்டேன்.

கணவர் தையல் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றதால், மொழிபெயர்க்க அந்தோனி அண்ணையைக் கூட்டிக்கொண்டு கொம்யூன் கந்தோருக்குப் போனேன். மன்னார்க்காரர், எங்களுக்கு முன்பே வந்து டேனிஷ் மொழியைப் பிடித்துக்கொண்டவர். "ஊரிலை கச்சேரிக் கந்தோரிலை சனத்தை வரிசையிலை நிக்கவைச்ச ஆளெல்லே, இப்ப நீர் கொஞ்சம் நில்லும் தங்கச்சி" என்று பகிடி விட்டார். கேர்டா என்ற அலுவலர் எங்களைக் கூப்பிட்டார்.

"வீட்டிலை எத்தினை பிள்ளையள் இருக்கினமெண்டு கேக்கிறா."

"மூண்டு பேர்."

"பதிவிலை ரெண்டு பேர்தானாம்."

"ரெண்டு பொடிச்சியள், மூத்தவன் பொடியன். மூண்டுதான் அண்ணை."

"மூத்தவன் இஞ்சை இல்லையெல்லே?"

"இல்லையெண்டு சொல்லாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் நான் இலிகிதராக இருந்தவள். பங்கீட்டுக் கூப்பன் இடாப்பில் ஒரு பெயரைச் சிவப்பு மையால் வெட்டுவதென்றால், அநேகமாக மரண அத்தாட்சிப் பத்திரம் மேசைக்கு வந்திருக்கும். வெட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். எங்களுக்கு விசா கிடைத்தபோது மூத்தவனுக்குச் சோதனைக்கு இரண்டு மாதம் இருந்தது. எழுதிவிட்டு வரட்டும் என்று என் தம்பியிடம் விட்டு வந்தேன். அந்த முடிவை எடுத்தவள் நான்தான். பிறகு ஊரில் சுற்றிவளைப்பும் பாதையடைப்புமாகிவிட்டது. அவனுடைய விசா காலாவதியாகி, திரும்ப விண்ணப்பித்திருக்கிறோம். மூன்று மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. வயது பதினேழு.

கேர்டா பேனையை வைத்துவிட்டு மெதுவாக ஏதோ கேட்டார். அண்ணை தயங்கினார்.

"பொடியன் மோசம் போயிட்டானோ, உயிரோடை இல்லையோ எண்டு கேக்கிறா."

"அவன் இருக்கிறான்" என்றேன். அதைத்தானே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்!

அண்ணை நெடுநேரம் கதைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இவையளுக்கு உயிரோடை இருக்கிறதுக்கு ஒரு சொல்லு, வீட்டிலை குடியிருக்கிறதுக்கு வேறை சொல்லு. இவ கேட்டது ரெண்டாவது. இதிலை பெயரை எடுத்தால் அவன்ரை விசா விண்ணப்பத்துக்கு ஒரு பாதிப்பும் வராது. அது வேறை ஃபைல்."

"வடிவாக் கேட்டனியளே?"

"ரெண்டு தரம் கேட்டனான். நீர் கத்தினதை மட்டும் மொழிபெயர்க்கேல்லை."

குடியிருப்பதற்கு அவர்கள் சொல்வது 'போர்'. எங்கள் காதுக்கு அது யுத்தம். மூத்தவனின் பெயருக்கு மேல் கேர்டா கோடு கிழிக்கவில்லை. புதுப் படிவம் எடுத்துத் தந்தார். அதில் நானே இரண்டு பிள்ளைகள் என்று எழுதினேன். மூன்று என்று எழுதிப் பழகிய கையில் இரண்டு, மூன்றைப் போல விழுந்துவிட்டது. பக்கத்தில் எழுத்திலும் எழுதச் சொன்னார்கள். எழும்பும்போது கேர்டா இன்னொரு தாளை நீட்டினார். வீட்டுக்கு ஆள் கூடினால் அறிவிக்கும் தாள். "அவன் வந்து சேர்ந்த உடனை இதை அனுப்பட்டாம். கணக்கைத் திரும்பப் பாப்பினமாம்" என்றார் அண்ணை.

உதவிப்பணத்துக்கான முடிவுக் கடிதம் போன கிழமை வந்தது. நான் கொடுத்த படிவத்தின் பிரதியும் அதனோடு இருந்தது: பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். இளையவள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்ப நாங்கள் நாலு பேரோ?" என்று கேட்டாள். கேர்டா தந்த மற்றத் தாளை எடுத்து அவளுக்குக் காட்டினேன். அதில் மூத்தவனின் முழுப்பெயர், பிறந்த திகதி, இந்த வீட்டு விலாசம், எல்லாம் நிரப்பி வைத்திருக்கிறேன். குடிவந்த திகதி என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. இரண்டு தாளின் அடியிலும் ஒரே கையெழுத்து, என்னுடையது.