ஆர்வில் டீக் மைக்கில் சொன்ன பொய்

டெக்சாஸின் அந்தச் சிற்றூரில் தீயணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்ட ஆண்டுதோறும் ஒரு விருந்து நடக்கும். மாட்டு நெஞ்சுக்கறியை ஓக் விறகுப் புகையில் வாட்டி எடுப்பது ஆர்வில் டீக்கின் பொறுப்பு. அடுப்புப் பக்கம் வேறு யாரையும் அண்டவிட மாட்டார்.

அவருடைய தங்கை வில்மாவின் கணவர் ஹார்லன். எண்ணெய்க் கிணற்று வேலையில் முதுகு போன பிறகு அவரால் விறகு தூக்க முடியவில்லை. மின்சாரப் புகையடுப்பு ஒன்று வாங்கிவிட்டார். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளைக் கொட்டினால் சூட்டை அதுவே பார்த்துக்கொள்ளும். நக்கலடிக்க ஆர்விலுக்கு அது போதாதா?

"என்ன மாப்பிள்ளே, சுவிட்சைப் போட்டுட்டுத் தூங்கிட்டீரா? கறிக்குத் தாலாட்டும் அதுவே பாடுமா?"

ஹார்லன் சிரித்துக்கொள்வார். வில்மா சிரிக்க மாட்டாள்.

இந்த வருஷமும் காலையிலேயே அடுப்பைச் சுற்றிக் கூட்டம். மெஷின் அடுப்பு வைத்திருப்பவர்களை நக்கலடித்துக்கொண்டிருந்த ஆர்வில் நெருப்பை மறந்தார். தழல் எகிறிவிட்டது. பதறிப்போய்க் காற்றுத் துளையை இறுக்கி மூடினார். விறகு மூச்சுத் திணறி வெள்ளைப் புகையாகக் கக்கியது. மதியம் ஒரு துண்டு அறுத்து வாயில் வைத்தார். கரிக்கசப்பு.

வெளியே வரிசை நீண்டிருந்தது. ஹார்லன் வந்து ஒரு விள்ளல் எடுத்து மென்றார். வீட்டுக்குப் போனவர், சற்று நேரத்தில் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே துணியில் சுற்றிய நெஞ்சுக்கறிகள்.

"நாளைக்குச் சர்ச்சுக்குன்னு நம்ம மெஷின்ல போட்டது. அறுங்க மச்சான், ஜனம் நிக்குது."

சாப்பிட்டவர்கள் விரலை நக்கினார்கள். தீயணைப்புத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "எந்த மெஷினுக்குய்யா இந்தக் கைப்பக்குவம் வரும்? ஆர்விலுக்கு ஒரு கைதட்டு!"

மைக் ஆர்விலிடம் வந்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "எல்லாம் ஓக் விறகு செய்யுற வேலை" என்று வந்து விழுந்தது. ஹார்லன் தரையைப் பார்த்தார். வில்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தாள். ஆர்விலுக்கு முகம் கொதித்தது. அதன்பிறகு அன்று அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனார். ஹார்லன் புகையடுப்பைத் திறந்து, கறியை விரலால் அழுத்திப் பார்த்து, தலையை ஆட்டி மறுபடி மூடினார்.

"நெருப்பைத்தான் இது பாக்கும் மச்சான். எப்ப எடுக்கணும்னு நாமதான் பாக்கணும்."

"நேத்து நான் பண்ணினது அசிங்கம், மாப்பிள்ளே."

ஹார்லன் பதில் சொல்லுமுன் கதவருகிலிருந்து வில்மா சொன்னாள்: "இங்க வந்து முனகினா ஆச்சா அண்ணே? ஊர் முன்னால பேசினதை ஊர் முன்னாலயே போய்ச் சொல்லு."

நிலையத்தின் அடுத்த கூட்டத்தில் ஆர்வில் எழுந்து, விருந்தில் ஊர் சாப்பிட்டது ஹார்லனின் மெஷின் கறி என்று சொன்னார். எல்லாரும் வழக்கமான நக்கல் என்று நினைத்துச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றுவிட்டு, அவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.